அந்த ஒரு வரி உங்கள் பாஸ்வேர்டை யாரிடம் கொடுக்கிறது?

ஓசூர் சிப்காட் பக்கத்துச் சின்னச் சின்ன உதிரிபாக யூனிட்டுகளிலும் சரி, காவேரிப்பட்டினம், பர்கூர் வட்டார மாங்கூழ் ஆலைகளிலும் சரி, யாரோ ஒரு பையனோ பெண்ணோ எழுதிவைத்த பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று எங்காவது ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. குளிர் அறையின் வெப்பநிலையை மணிக்கொரு முறை எடுத்து எக்செல்லில் போடும், அல்லது பெரிய கம்பெனியின் போர்ட்டலுக்குள் போய் அடுத்த வாரம் எத்தனை பீஸ் அனுப்பவேண்டும் என்று பார்த்துவரும். எழுதியவர் வேறு வேலைக்குப் பெங்களூரு போயிருப்பார், ஸ்கிரிப்ட் மட்டும் இங்கேயே இருக்கும். அதைத் திறந்து பார்த்தால் நடுவில் ஒரு வரி: யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டையும் லைப்ரரிக்கு, அதாவது சர்வரோடு பேசுவதற்கென்று வேறு யாரோ எழுதிவைத்த ஆயத்தக் கோடுக்கு, கொடுக்கும் வரி.

அந்த வரியை எப்படி எழுதுவது என்று சொல்லித்தர ஆயிரம் பக்கங்கள் கிடைக்கும். எழுதியபிறகு லைப்ரரி அந்த பாஸ்வேர்டை யாரிடம், எப்போது, எத்தனை பேரிடம் கொடுக்கிறது என்பதைப் பற்றித்தான் பேச்சே காணோம். ஆனால் கர்ல், பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் மாதிரி உலகம் முழுக்க ஓடும் லைப்ரரிகளில் லாகின் விவரம் தொடர்பாக வெளியான குறைகளை வரிசையாக எடுத்துப் படித்தால், திரும்பத் திரும்ப வருவது இந்த ஒரே சிக்கல்தான்: ஒருவருக்கென்று கொடுத்த பாஸ்வேர்டு இன்னொருவர் கைக்குப் போய்விட்டது.

முதலில் கம்பியில் என்ன போகிறது என்று பார்ப்போம். எச்டிடிபி-க்கு, அதாவது பிரவுசரும் ஸ்கிரிப்டும் வெப் சர்வரோடு பேசும் முறைக்கு, ஞாபகம் கிடையாது. போன ரிக்வெஸ்டில் நீங்கள் யார் என்று சொன்னது இந்த ரிக்வெஸ்டுக்குத் தெரியாது, அதனால் ஒவ்வொரு தடவையும் அடையாளத்தைச் சேர்த்தே அனுப்பியாக வேண்டும். அதற்கான இடம் ஆத்தரைசேஷன் என்கிற ஹெடர், ரிக்வெஸ்டின் தலையில் போகும் ஒரு குறிப்பு வரி. ஆகப் பழைய, ஆக எளிய முறை பேசிக். யூசர்நேம், ஒரு முக்காற்புள்ளி (:), பாஸ்வேர்டு, மூன்றையும் ஒட்டி, பேஸ்64-ஆக மாற்றி, அந்த ஹெடரில் வைத்தால் முடிந்தது. 1996-இல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே இது இருக்கிறது, அதில் உதாரணமாகக் கொடுத்திருக்கும் யூசர்நேம் அலாவுதீன், பாஸ்வேர்டு குகைக் கதவைத் திறக்கச் சொல்லும் சீசேம் வாக்கியம். அது அலிபாபா கதையில் வருவதாயிற்றே, அலாவுதீனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். 2015-இல் இந்த முறையைத் திருத்தி எழுதியபோதும் அதே அலாவுதீன்தான், அதே சீசேம்தான்.

பேஸ்64 என்பது பூட்டு இல்லை. மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றி எழுதும் ஒரு வழி, அவ்வளவுதான். சாவி எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பி எடுத்துவிடலாம். பார்க்கக் குழப்பமாக இருப்பதால் 'என்கிரிப்ட் ஆகிப் போகுது' என்று நம்பிக்கொண்டு, எச்டிடிபிஎஸ் (என்கிரிப்ட் ஆகிப் போகும் எச்டிடிபி) இல்லாத முகவரிக்கு பேசிக் முறையில் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். ஹாஸ்டல் வைஃபையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ட்ராஃபிக்கைப் பார்ப்பவருக்கு அந்த பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகவே தெரியும்.

சரி, ஹெடர் தயார். அதை எப்போது அனுப்புவது? இங்கே லைப்ரரிகள் இரண்டு ரகமாகப் பிரிகின்றன. சிப்காட் கம்பெனி கேட்டில், செக்யூரிட்டி 'யாருங்க, பாஸ் இருக்கா' என்று கேட்டபிறகு பையைத் துழாவி எடுப்பவர் ஒரு ரகம், கேட்பதற்கு முன்னாலேயே நீட்டிக்கொண்டு வருபவர் இன்னொரு ரகம். எச்டிடிபி-யின் முறைப்படியான வழி முதல் ரகம். அடையாளம் இல்லாமல் ஒரு ரிக்வெஸ்ட் போகும், சர்வர் 401 என்று பதில் சொல்லி, எந்த முறையில் எந்தப் பகுதிக்கு லாகின் வேண்டும் என்பதையும் ஒரு ஹெடரில் சொல்லும், அதைப் படித்துவிட்டு லைப்ரரி இரண்டாவது தடவை பாஸ்வேர்டோடு போகும். பைத்தானோடு கூடவே வரும் யூஆர்எல்லிப், ஜாவாவின் பழைய எச்டிடிபி கனெக்‌ஷன், டாட்நெட்டின் எச்டிடிபி கிளையன்ட் எல்லாம் இந்த ரகம். ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியும் கர்லும் பேசிக் முறையில் கேட்கும் முன்பே நீட்டிவிடும்.

கேட்டபிறகு கொடுப்பதுதான் கட்டுப்பாடு என்று தோன்றும், ஆனால் நடைமுறையில் அதிலும் சிக்கல் உண்டு. எல்லா சர்வரும் 401 சொல்வதில்லை. கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப்பின் ஏபிஐ-யில் (ஸ்கிரிப்டுகள் பேசுவதற்கான வாசலில்) தனிப்பட்ட ரெப்போ, அதாவது கோடு ஃபோல்டர் ஒன்றை அடையாளம் இல்லாமல் கேட்டால் 404 வரும், அப்படி ஒன்று இருப்பதையே வெளியில் காட்டிக்கொள்ளாது. கேட்டால்தான் கொடுப்பேன் என்று உட்கார்ந்திருக்கும் லைப்ரரிக்கு அங்கே யாரும் கேட்கவே மாட்டார்கள். பாஸ்வேர்டு சரி, முகவரி சரி, ஆனால் 'அப்படி ஒன்று இல்லை' என்றே பதில் வந்துகொண்டிருக்கும், நாம் முகவரியில் ஸ்பெல்லிங் தப்பா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம்.

இன்னொன்று, பெரிய ஃபைல் அனுப்பும்போது வருவது. அஞ்செட்டி பக்கம் மாதிரி நெட் இழுத்துக்கொண்டு கிடக்கும் இடத்திலிருந்து 50 எம்பி ஃபைலை ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் இல்லாமல் முழு ஃபைலும் போய்ச் சேர்ந்தபிறகு சர்வர் 401 சொன்னால், அதே 50 எம்பி மறுபடியும் போகவேண்டும். ஃபைலாக இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்ட்ரீமாக இருந்தால் மறுபடி அனுப்பவும் வழியில்லை, முதலில் அனுப்பியது கையைவிட்டுப் போயிருக்கும். 'முதலில் ஹெடரை மட்டும் பாருங்கள், சரியென்றால் மீதியை அனுப்புகிறேன்' என்று கேட்பதற்கு எச்டிடிபி-யில் 100 கன்டின்யூ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, ஆனால் அதை எல்லா லைப்ரரியும் செய்வதில்லை. டாட்நெட்டில் பிரீ-ஆதென்டிகேட் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, பெயரைப் பார்த்து முதல் ரிக்வெஸ்டிலேயே அனுப்பிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் ஒருமுறை 401 வாங்கி, லாகின் ஆனபிறகு வரும் ரிக்வெஸ்டுகளுக்குத்தான் அது முன்கூட்டியே அனுப்பும்.

டைஜஸ்ட் முறையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கேமரா வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதில்தான் முட்டிக்கொள்கிறார்கள். 1997-இல் வந்தது. சர்வர் ஒரு தற்காலிக எண்ணைக் கொடுக்கும், லைப்ரரி அதையும் பாஸ்வேர்டையும் சேர்த்து எம்டி5 என்கிற ஒருவழிக் கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்பும், பாஸ்வேர்டு கம்பியில் போகாது. 2015-இல் எஸ்ஹெச்ஏ-256 என்கிற இன்னும் வலுவான கணக்கையும் சேர்த்தார்கள். சாதாரண வெப்சைட்டுகள் இதைக் கைவிட்டு ரொம்ப நாளாகிவிட்டது, ஆனால் சிசிடிவி கேமராக்கள், ரெக்கார்டர்கள் பலவும் இன்னும் இதைத்தான் கேட்கின்றன. பிரவுசரில் அதே பாஸ்வேர்டு போட்டால் படம் வருகிறது, ஸ்கிரிப்டில் போட்டால் 401 வருகிறது என்றால் பாஸ்வேர்டைச் சந்தேகப்படும் முன் சர்வர் அனுப்பிய 401 பதிலின் ஹெடரைப் படியுங்கள். டைஜஸ்ட் என்று அதில் எழுதியிருக்கும், நீங்கள் பேசிக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். ரிக்வெஸ்ட்ஸில் இதற்குத் தனி கிளாஸே இருக்கிறது, ஒரு சொல்லை மாற்றினால் வேலை முடிந்தது.

வழி மாறிப் போகும்போது

இப்போது விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். நீங்கள் ஒரு முகவரிக்கு ரிக்வெஸ்ட் அனுப்புகிறீர்கள், அந்த சர்வர் '302, அங்கே போ' என்று வேறொரு முகவரியைக் காட்டுகிறது. பல லைப்ரரிகள் நம்மிடம் கேட்காமல் அங்கே போய்விடும். பாஸ்வேர்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போகுமா, இல்லை பழைய இடத்திலேயே விட்டுவிட்டுப் போகுமா?

கர்ல் இதைப் பல வருடங்களாகவே யோசித்து வைத்திருந்தது. யூசர் ஆப்ஷன் வழியாகப் பாஸ்வேர்டு கொடுத்தால், முதலில் சொன்ன ஹோஸ்டுக்கு, அதாவது அந்த சர்வர் பெயருக்கு மட்டும்தான் அனுப்பும், வேறு ஹோஸ்டுக்கு ரீடைரக்ட் ஆனால் அனுப்பாது, எல்லா இடத்துக்கும் அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு ஆப்ஷன் போடவேண்டும். ஆனால் பலர் அப்படிக் கொடுப்பதில்லை, ஆத்தரைசேஷன் ஹெடரைத் தாங்களே எழுத்தாகக் கட்டி ஹெடர் ஆப்ஷனில் கொடுப்பார்கள். கர்லுக்கு அது மற்ற ஹெடர்களைப் போல ஒரு ஹெடர், அதனால் ரீடைரக்ட் ஆன இடத்துக்கும் அப்படியே போனது. 2018 ஜனவரியில் 7.58.0 பதிப்பில்தான் இதை மூடினார்கள். அப்புறமும் ஒரு ஓட்டை மிச்சம் இருந்தது: ஹோஸ்ட் அதேதான், போர்ட் (அதே கம்ப்யூட்டரில் சேவைக்குச் சேவை மாறும் எண்) மட்டும் வேறு, அல்லது எச்டிடிபிஎஸ்-இலிருந்து வேறு புரோட்டோகாலுக்கு ரீடைரக்ட் என்றால் பாஸ்வேர்டு கூடவே போனது. அதை 2022 ஏப்ரலில் 7.83.0-இல் அடைத்தார்கள்.

ரிக்வெஸ்ட்ஸிலும் இதே கதை வேறு வடிவத்தில். ஹோஸ்ட் மாறினால் ஆத்தரைசேஷன் ஹெடரை எடுத்துவிடும், 2014-இல் வந்த 2.3.0-இலிருந்து அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதே ஹோஸ்ட் எச்டிடிபிஎஸ்-இலிருந்து வெறும் எச்டிடிபிக்கு அனுப்பினால் ஹெடரைத் தக்கவைத்துக்கொண்டது. அதாவது இதுவரை மறைவாகப் போன பாஸ்வேர்டு அடுத்த எட்டில் திறந்தவெளியில் போகும். 2018 அக்டோபரில் வந்த 2.20.0-இல் சரிசெய்தார்கள்.

இந்த இரண்டு கதைகளிலிருந்தும் எனக்குத் தெரிவது: லாகின் விவரத்துக்கென்று லைப்ரரி கொடுத்திருக்கும் ஆத் ஆப்ஷன் டைப் அடிக்கும் வேலையைக் குறைப்பதற்கான வசதி மட்டும் கிடையாது. 'இந்த எழுத்து ரகசியம், இது இந்த சர்வருக்கு மட்டும்' என்று லைப்ரரியிடம் சொல்லும் ஒரே இடம் அதுதான். ஹெடரை நாமே கட்டிக்கொடுத்தால் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். இன்றைக்கும் இது பொருந்தும் இடம் ஒன்று இருக்கிறது. பல சேவைகள் ஆத்தரைசேஷன் ஹெடர் கேட்காமல் எக்ஸ்-ஏபிஐ-கீ மாதிரி சொந்தப் பெயரில் ஒரு ஹெடர் கேட்கின்றன. ரிக்வெஸ்ட்ஸ் ரீடைரக்டில் கழற்றுவது ஆத்தரைசேஷன் ஹெடரை மட்டும்தான், எக்ஸ்-ஏபிஐ-கீ ரகசியம் என்று அதற்கு எப்படித் தெரியும்? அது கூடவே போகும். அப்படிப்பட்ட சேவைக்கு ரீடைரக்ட் பின்தொடர்வதையே நிறுத்திவைப்பது நல்லது. ஏபிஐ ஒன்று அடிக்கடி ரீடைரக்ட் செய்தால் முகவரியைத்தான் முதலில் சரிபார்க்கவேண்டும், பெரும்பாலும் எச்டிடிபிஎஸ் என்பதில் கடைசி எழுத்தை விட்டிருப்போம்.

ரீடைரக்ட்டே இல்லாமலும் தப்பான இடத்துக்குப் போகலாம். ரிக்வெஸ்ட்ஸில் செஷன் (பல ரிக்வெஸ்டுகளுக்குப் பொதுவான செட்டிங்கை வைத்திருப்பது) ஒன்றை உருவாக்கி அதன் ஆத்-இல் பாஸ்வேர்டை வைத்துவிட்டால், அந்த செஷன் வழியாக எந்த முகவரிக்குப் போனாலும் அது போகும். ஒரே செஷனில் கஸ்டமர் போர்ட்டலையும் கூப்பிட்டு, அப்படியே வானிலைச் சேவையையும் கூப்பிட்டால், போர்ட்டலின் பாஸ்வேர்டு வானிலைக்காரருக்கும் கிடைக்கும். அவர் அதைப் பார்க்காமல் போகலாம், ஆனால் அவருடைய சர்வருக்கு அது போயாயிற்று. ஒரு சர்வருக்கு ஒரு செஷன் என்று வைத்துக்கொள்வதற்கு ஒரு வரி கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஜாவாவில் இன்னும் மோசம். ஆதென்டிகேட்டர் என்கிற கிளாஸை 'செட் டிஃபால்ட்' என்று வைத்தால் அது அந்த ஜேவிஎம் முழுவதற்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா புரோகிராம் முழுவதற்கும். உள்ளே அந்தப் பழைய எச்டிடிபி கனெக்‌ஷனைப் பயன்படுத்தும் எந்த லைப்ரரி எந்த சர்வரிடம் போய் 401 வாங்கினாலும் இந்த ஆதென்டிகேட்டரைத்தான் கேட்கும். கேட்கும் ஹோஸ்ட் எது, கேட்பது ப்ராக்ஸியா (இன்டர்நெட்டுக்கு நடுவில் நிற்கும் கம்ப்யூட்டர்) சர்வரா என்று பார்ப்பதற்கு அதிலேயே மெத்தட்கள் இருக்கின்றன. ஆனால் காப்பியடிக்கக் கிடைக்கும் உதாரணங்களில் பல எதையும் பார்க்காமல் பாஸ்வேர்டை ரிட்டர்ன் செய்துவிடுகின்றன, அதாவது வாய்திறந்து கேட்பவர் எவராக இருந்தாலும் கொடுத்துவிடுவது. ஜாவா 9-இலிருந்து ஒரு கனெக்‌ஷனுக்கு மட்டும் ஆதென்டிகேட்டர் வைக்கலாம், 11-இல் வந்த புது எச்டிடிபி கிளையன்டிலும் கிளையன்டுக்குத் தனித்தனியாக வைக்கலாம். பைத்தானின் பழைய யூஆர்எல்லிப்பை எல்லாரும் திட்டுவார்கள், எழுதுவதற்கு ஐந்தாறு வரி ஆகும் என்று. ஆனால் அதில் பாஸ்வேர்டு சேர்க்கும்போதே எந்த முகவரிக்கு என்று கேட்கும், அந்த விஷயத்தில் அது நியாயமான ஆள். டாட்நெட்டின் கிரெடென்ஷியல் கேஷும் அப்படித்தான், முகவரியையும் லாகின் முறையையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அப்புறம் யாருமே கொடுக்காத பாஸ்வேர்டு போகும் ஒரு விநோதம் உண்டு. யூனிக்ஸில் எஃப்டிபி காலத்திலிருந்து நெட்ஆர்சி என்று ஒரு ஃபைல், ஹோம் ஃபோல்டரில் மறைவாக இருக்கும். இந்த சர்வருக்கு இந்த லாகின் என்று அதில் எழுதிவைக்கலாம். ரிக்வெஸ்ட்ஸ், ஆத் எதுவும் கொடுக்காவிட்டால் சத்தமில்லாமல் அந்த ஃபைலைப் படித்து, அந்த ஹோஸ்டுக்கு லாகின் இருந்தால் அதைப் போட்டுவிடும். நீங்கள் ஹெடரில் டோக்கனை (பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சேவை கொடுக்கும் சாவி எழுத்து) கையால் எழுதியிருந்தால்கூட அதை அழித்துவிட்டு நெட்ஆர்சியில் இருப்பதை வைக்கும். டோக்கன் புதுசு, சரியானது, ஆனாலும் 401. பக்கத்து ஆள் கம்ப்யூட்டரில் அதே ஸ்கிரிப்ட் ஓடுகிறது. மணிக்கணக்கில் நேரத்தைத் தின்னும் இந்த மாயத்துக்குக் காரணம் எப்போதோ எதற்காகவோ எழுதிவைத்த அந்த ஃபைல். டோக்கனைக் கையால் ஹெடரில் எழுதாமல் ஆத் வழியாகவே கொடுத்தால் நெட்ஆர்சி பக்கமே போகாது, இல்லாவிட்டால் செஷனில் டிரஸ்ட்-என்வ் என்பதை அணைத்துவைக்கலாம். வேண்டுமென்றே கோணலாகக் கட்டிய ஒரு முகவரியைக் கொடுத்தால் நெட்ஆர்சி பாஸ்வேர்டு வேறு சர்வருக்குப் போகும் குறையும் ரிக்வெஸ்ட்ஸில் இருந்தது, 2025 ஜூனில் 2.32.4-இல்தான் அதை மூடினார்கள். பழைய கம்ப்யூட்டரில் ஓடும் ஸ்கிரிப்ட் எந்தப் பதிப்பை வைத்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நடுவில் நிற்கும் ப்ராக்ஸி

ஓசூரில் பெரிய கம்பெனி என்றால் இன்டர்நெட்டுக்கு நடுவில் ஒரு ப்ராக்ஸி இருக்கும், அதற்கும் தனி லாகின். கல்லூரி லேப்களிலும் இதைப் பார்க்கலாம். சர்வர் 401 சொல்வதுபோல ப்ராக்ஸி 407 சொல்லும், அதற்கான ஹெடரும் வேறு. 401-க்கும் 407-க்கும் வித்தியாசம் பார்க்காமல் போர்ட்டல் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்து, கடைசியில் அந்த அக்கவுன்டையே லாக் ஆக்கிக்கொள்வது இங்கே அன்றாட நிகழ்ச்சி. நம்பரைப் பார்த்தாலே கதவைச் சாத்தியது யார் என்று தெரிந்துவிடும்.

ப்ராக்ஸி லாகினை வழக்கமாக என்விரான்மென்ட் வேரியபிளில் முகவரிக்குள்ளேயே வைப்பார்கள்: யூசர்நேம், முக்காற்புள்ளி, பாஸ்வேர்டு, ஒரு @, அப்புறம் ப்ராக்ஸியின் பெயர். நம்மூரில் பாஸ்வேர்டு எப்படி வைப்போம்? ஊர் பெயர், ஒரு @, 123. கிருஷ்ணகிரி@123, ஓசூர்@123, ஆங்கில எழுத்தில். இப்போது முகவரியில் இரண்டு @ ஆகிவிட்டது. சில லைப்ரரிகள் கடைசி @-ஐ எடுத்துச் சரியாகப் பிரித்துக்கொள்ளும், சில முதல் @-இலேயே வெட்டி '123@' என்று தொடங்கும் சர்வரைத் தேடப்போகும். அதனால்தான் ஒரு டூலில் வேலை செய்வது இன்னொன்றில் செய்வதில்லை. @ வரும் இடத்தில் %40 என்று எழுதினால் அநேகமாக எல்லாவற்றிலும் ஓடும். பாஸ்வேர்டில் # அல்லது / இருந்தால் இன்னும் கஷ்டம், முகவரி அங்கேயே முடிந்துவிட்டதாக லைப்ரரி நினைத்துக்கொள்ளும், அவற்றையும் இப்படித்தான் மாற்றி எழுதவேண்டும். யூசர்நேமில் மட்டும் முக்காற்புள்ளி வரவே கூடாது, பேசிக் முறையில் அதற்கு மாற்றுவழியே கிடையாது.

முகவரிக்குள் பாஸ்வேர்டு வைப்பதே ஆபத்தான பழக்கம் என்று 2005-இல் வந்த யூஆர்ஐ தரநிலை ஆவணமே சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால், கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான அதே 2004 பிப்ரவரியில், மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இந்த வசதியை எடுத்துவிட்டது. @-க்கு முன்னால் வங்கியின் பெயரை எழுதி, பின்னால் திருடன் சர்வரை வைத்து ஏமாற்றியவர்களால் வந்த வினை. பிரவுசரில் போன பழக்கம் ப்ராக்ஸி செட்டிங்கில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ப்ராக்ஸி பாஸ்வேர்டு ப்ராக்ஸியோடு நிற்கவேண்டும், அப்பால் உள்ள சர்வருக்கு அது போகவே கூடாது. ரிக்வெஸ்ட்ஸில் 2.3.0-இலிருந்து 2023 மே மாதம் 2.31.0 வரும்வரை, எச்டிடிபிஎஸ் முகவரிக்கு ரீடைரக்ட் ஆகும்போது ப்ராக்ஸி ஹெடர் கடைசி சர்வருக்கே போய்ச் சேரும் குறை இருந்தது. வருடக்கணக்கில். கம்பெனி ப்ராக்ஸியின் லாகின் பெரும்பாலும் விண்டோஸ் லாகினேதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். ஜாவாக்காரர்கள் வேறு ஒன்றைச் சந்தித்திருப்பார்கள்: 2016 அக்டோபரில் வந்த 8u111-க்கு அப்டேட் செய்ததும் ப்ராக்ஸி வழியாக எச்டிடிபிஎஸ் போவது திடீரென்று நின்றிருக்கும். ப்ராக்ஸிக்கு பேசிக் முறையில் பாஸ்வேர்டு கொடுப்பதை அந்தப் பதிப்பு டிஃபால்டாக அணைத்துவிட்டது.

தமிழில் பாஸ்வேர்டு வைத்தால் என்ன ஆகும் என்று விளையாட்டாகவாவது கேட்பவர்கள் உண்டு. கொடுத்த எழுத்தை ரிக்வெஸ்ட்ஸ், மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லேட்டின்-1 ஆக மாற்றப் பார்க்கும். அதில் 'அ' கிடையாது, உடனே எரர் கொடுத்து நின்றுவிடும், ரிக்வெஸ்ட் வெளியே கிளம்பவே கிளம்பாது. எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்-8 பைட்டாக நாமே மாற்றிக் கொடுத்தால் லைப்ரரி வாங்கிக்கொள்ளும். 2015-இன் திருத்தத்தில் சர்வர் 'எனக்கு யூடிஎஃப்-8 வேண்டும்' என்று சொல்ல வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் எதிர்ப்பக்கம் சர்வரை எழுதியவர் அதை யோசித்திருக்கவேண்டுமே. வேலை செய்யும் பாஸ்வேர்டு வேண்டும் என்றால் இப்போதைக்கு ஆங்கில எழுத்துதான்.

குளிர் அறைக் கருவி, கேமரா ரெக்கார்டர் மாதிரி உள்ளூர்ச் சாதனங்களுக்குப் பேசும் ஸ்கிரிப்டுகளில் கட்டாயம் பார்க்கக்கூடிய இன்னொன்று, சர்டிஃபிகேட் சரிபார்ப்பை அணைத்துவைப்பது. சாதனம் தானே கையெழுத்திட்ட சர்டிஃபிகேட் வைத்திருக்கும், லைப்ரரி முரண்டு பிடிக்கும், உடனே வெரிஃபை என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிடுவார்கள். மேலே சொன்ன எல்லாக் கவனமும் அதோடு போச்சு. எதிரில் இருப்பவர் யார் என்று நிரூபிப்பது அந்த சர்டிஃபிகேட் ஒன்றுதான், அதைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதே வைஃபையில் அந்த முகவரியில் வேறு யார் நின்றாலும் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளலாம். சாதனத்தின் சர்டிஃபிகேட்டை ஒருமுறை இறக்கி, ஃபால்ஸ் இருக்கும் இடத்தில் அந்த ஃபைலின் பாதையைக் கொடுத்தால் போதும். பெயர் பொருந்தவில்லை என்று சில சாதனங்கள் அப்போதும் அடம்பிடிக்கும், சர்டிஃபிகேட்டில் உள்ள பெயரை ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கும்.

எங்கே வைப்பது, எவ்வளவு நாளைக்கு

ஸ்கிரிப்டுக்குள்ளேயே பாஸ்வேர்டு எழுதக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் எழுதுகிறோம். உதிரிபாகத் தொழில் செய்யும் ஊருக்குப் பொருத்தமான உதாரணம் டொயோட்டா. கார்களை நெட்டோடு இணைக்கும் அவர்களுடைய டி-கனெக்ட் சேவையின் சோர்ஸ் கோடில் ஒரு பகுதியை, வேலையை எடுத்துச் செய்த வெளி நிறுவனம் கிட்ஹப்பில் பொதுவில் போட்டுவிட்டது, அதில் டேட்டா சர்வரின் ஆக்சஸ் கீயும் இருந்தது. 2017 டிசம்பரிலிருந்து 2022 செப்டம்பர்வரை யார் கண்ணிலும் படாமல் அங்கேயே இருந்திருக்கிறது. 2,96,019 வாடிக்கையாளர்களின் ஈமெயில் முகவரிகள் வெளியே போயிருக்கலாம் என்று டொயோட்டாவே அறிவித்தது. அப்படி ஒன்றை அடுத்த கமிட்டில் (அடுத்த பதிப்பைச் சேமிக்கும்போது) அழித்தால் போதாது, கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட் பழைய பதிப்பை அப்படியே வைத்திருக்கும். முதலில் பாஸ்வேர்டை மாற்றவேண்டும், அப்புறம் மற்றது.

கமாண்ட் லைனில் பாஸ்வேர்டு கொடுத்தால், அதே கம்ப்யூட்டரில் ஓடும் புராசஸ் பட்டியலைப் பார்ப்பவருக்குத் தெரிய வாய்ப்பிருக்கிறது. என்விரான்மென்ட் வேரியபிள் கொஞ்சம் மேல். விண்டோஸ் கிரெடென்ஷியல் மேனேஜரில் வைத்து, பைத்தானின் கீரிங் லைப்ரரி வழியாக எடுப்பது இன்னும் மேல், பழைய கம்ப்யூட்டருக்கும் இது போதும். ஏபிஐ கீயை முகவரியின் கடைசியில் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டும் பழக்கம்தான் மிக மோசம் என்பேன். சர்வர் லாக் எல்லாவற்றிலும் அது பதிவாகும். நெட் போனால் ரிக்வெஸ்ட்ஸ் கொடுக்கும் எரர் செய்தியிலும் முழு முகவரி கீயோடு வரும். அதை ஆபரேட்டர் போட்டோ எடுத்து 'சார், ஓடமாட்டேங்குது' என்று 40 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்.

டோக்கன் பக்கம் உலகம் நகர்ந்ததற்குக் காரணமும் இதோடு சேர்ந்ததுதான். 2012-இல் டோக்கன் வழங்கும் முறையான ஓஆத் 2.0-உம் அதில் வரும் பேரர் டோக்கனும் தரநிலையாக வந்தன. கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13-இலிருந்து கிட் வேலைகளுக்கு அக்கவுன்ட் பாஸ்வேர்டை வாங்குவதை நிறுத்தியது. கூகுள் 2022 மே 30-இலிருந்து வெறும் யூசர்நேம், பாஸ்வேர்டோடு வரும் ஆப்களை ஜிமெயிலில் விடுவதில்லை, நிறைய மெயில் அனுப்பும் ஸ்கிரிப்டுகள் அந்த வாரம் ஊமையானது அதனால்தான்; 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்துப் போட்டவர்கள் தப்பித்தார்கள். டோக்கனும் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு வேலை செய்யும், ரீடைரக்டில் கசிந்தால் அதுவும் போனதுதான். ஆனால் அதற்கு எல்லை வைக்கலாம், தேதி வைக்கலாம், மற்றதைத் தொடாமல் அதை மட்டும் ரத்து செய்யலாம். நம் மாங்கூழ் ஆலைகளுக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி. தோத்தாபுரி வரத்து இருக்கும் சில மாதங்கள்தான் முழு ஓட்டம், அதற்கு மட்டும் கம்ப்யூட்டரில் உட்கார ஆள் எடுப்பார்கள், சீசன் முடிந்ததும் அவர் வேறு வேலைக்குப் போவார், பாஸ்வேர்டு மட்டும் அவர் போனிலேயே இருக்கும். படிக்க மட்டும் உரிமையுள்ள, ஆகஸ்டோடு காலாவதியாகும் டோக்கன் ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தால் யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் லைப்ரரி எப்படி நடந்துகொள்கிறது என்பதை நம்பிக்கையில் விடாமல் கண்ணால் பார்த்துவிடலாம், அதற்கு இன்டர்நெட்கூட வேண்டாம். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு குட்டி சர்வர்களை 8001, 8002 என்று இரண்டு போர்டுகளில் ஓடவிடுங்கள், பைத்தானில் வரும் எச்டிடிபி சர்வரை வைத்து இருபது முப்பது வரிக்குள் எழுதிவிடலாம். முதலாவது எதைக் கேட்டாலும் இரண்டாவதுக்கு ரீடைரக்ட் செய்யட்டும், இரண்டாவது தனக்கு வந்த ஹெடர்களைத் திரையில் அச்சிடட்டும். ஒன்றை லோக்கல்ஹோஸ்ட் என்றும் மற்றதை 127.0.0.1 என்றும் கூப்பிட்டால் லைப்ரரியின் கண்ணுக்கு அவை வெவ்வேறு ஹோஸ்ட். போலி பாஸ்வேர்டு ஒன்றை ஆத் ஆப்ஷன் வழியாக ஒருமுறை கொடுங்கள், கையால் கட்டிய ஆத்தரைசேஷன் ஹெடராக ஒருமுறை, எக்ஸ்-ஏபிஐ-கீயாக ஒருமுறை. கடைசியில் சொன்னது ரிக்வெஸ்ட்ஸில் இரண்டாவது சர்வரின் திரையில் வந்து நிற்கும், உங்கள் பழைய கம்ப்யூட்டரில் மற்ற இரண்டும் வருகிறதா இல்லையா என்பது அதில் இருக்கும் பதிப்பைப் பொறுத்தது.